நம்பர் வராத டாக்டர்

பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் குட்டை. அப்பா அதன் மேல் நின்றுகொண்டிருந்தார். நான் நாற்காலியை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, பிரவுன் டேப்பைப் பல்லால் கடித்துத் துண்டு துண்டாகக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பின் பசை நாக்கில் கசந்தது.

சனிக்கிழமை காலை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு கேட் தூணில் பதித்திருந்த கருங்கல் பெயர்ப்பலகையை நாங்கள் மூடிக்கொண்டிருந்தோம். மூடுவதற்கு அப்பா கொண்டு வந்தது எங்கள் சர்ச் சபையில் நடந்த உபவாசக் கூட்டத்தின் ஃபிளெக்ஸ் பேனர். அளவாக வெட்டி, அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பியிருந்தார். வெளியே வெறும் வெள்ளை.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாரு. ஏதாவது தெரியுதா?"

போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டு மாமி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், நாங்கள் பேசுவது காதில் விழ வேண்டும் என்று குழாயை மூடினார்.

"முதல் எழுத்து கொஞ்சம் தெரியுதுப்பா."

"சரி, இன்னொரு துண்டு குடு."

கொடுத்தேன். ஒட்டினார். இறங்கினார். நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய மனிதர், மிஞ்சிய டேப்பை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

சென்ற வாரம் இந்தத் தொடரில், பிஷ்கெக் நகர மாணவர் விடுதியில் சாம்பார் பொங்கி, தீயணைப்புக்காரர்கள் வந்த கதையோடு நிறுத்தியிருந்தேன். அந்த ஊரில் ஆறு வருடம் மருத்துவம் படித்து முடித்துச் சென்னையில் வந்து இறங்கிய பிறகு நடந்தது இது. சாம்பார் கதைக்குச் சிரித்தவர்கள் இதற்கும் சிரித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சில இடங்களில் எனக்கே சிரிப்பு வருகிறது.

கல்லில் வெட்டிய அவசரம்

நான் ஊர் திரும்பிய ஐந்தாம் நாள் பலகை வந்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கறுப்புக் கல்லில் பொன்னிற எழுத்துகள். டாக்டர் ஜெ. பியூலா, எம்.டி.

அந்த எம்.டி. பற்றி ஒரு வார்த்தை. நான் படித்த நாட்டில் ஆறு வருடப் படிப்பை முடித்தால் அந்தப் பட்டத்தைத்தான் தருவார்கள். இங்கே அது எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமம், அவ்வளவுதான். இங்கே எம்.டி. என்று போட்டுக்கொள்ள அதற்கு மேல் தனியாக மூன்று வருடம் படித்திருக்க வேண்டும். நான் சொன்னேன். அப்பா சான்றிதழை எடுத்து வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"எம்.டி."

"நான் இல்லாததையா வெட்டச் சொன்னேன்?"

கணக்கு வாத்தியாருடன் வாதாடி ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குக் கடிதம் எழுதலாம்.

எம்.டி.யாவது பரவாயில்லை. 'டாக்டர்' என்பதே அப்போது எனக்கு உரியதாக இல்லை. வெளிநாட்டில் மருத்துவம் படித்து வந்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஒரு தேர்வில் தேற வேண்டும். ஸ்கிரீனிங் டெஸ்ட் என்போம். முந்நூறு கேள்விகள், ஒரே நாளில். நூற்றைம்பது எடுத்தால் பாஸ். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். தேறியபின் ஒரு வருடம் இங்குள்ள ஆஸ்பத்திரியில் பயிற்சி. அதையும் முடித்தால் மாநில கவுன்சில் ஒரு பதிவு எண் தரும். அந்த எண் கைக்கு வரும்வரை ஒரு தலைவலி மாத்திரை கூட என் பெயரில் எழுதிக் கொடுக்கக் கூடாது.

தேர்வை ஒரு சடங்கு என்றுதான் அப்பா நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை மறைப்பானேன்.

வேறு ஊர் நோய்கள்

முதல் தடவை நூற்று இருபத்தொன்று. இரண்டாம் தடவை நூற்று முப்பத்தெட்டு.

ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. நான் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய ஊரில் நாலு மாதம் பனி பெய்யும். அங்கே வார்டில் படுத்திருந்த கிழவர்களிடம் 'எங்கே வலிக்கிறது' என்று ரஷ்ய மொழியில் கேட்க எனக்குத் தெரியும். நெஞ்சுச் சளி, உறைபனியில் விழுந்து உடைந்த இடுப்பு, குதிரை உதைத்த விலா எல்லாம் பார்த்திருக்கிறேன். பாம்புக்கடி பார்த்ததில்லை. டெங்கு பார்த்ததில்லை. நம் ஊர்க் குழந்தைக்கு எந்த வயதில் எந்தத் தடுப்பூசி என்பது புத்தகத்தில் படித்த மனப்பாடம்தான். கேள்விகளோ இந்த ஊர் நோய்களைக் கேட்டன.

இது பாதி உண்மை. மீதி உண்மை, ஊர் திரும்பிய முதல் ஆறு மாதம் நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. ஆறு வருடமாகக் கிடைக்காத மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் தூங்கினேன்.

அப்பா ஒரு வரைபடத்தாளில் என் மதிப்பெண்களைக் குறித்து அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினார். நூற்றைம்பதில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே இரண்டு புள்ளிகள். கதவைத் திறந்து சட்டை எடுக்கும்போதெல்லாம் பார்ப்பார்.

"தப்பான பதிலுக்கு மார்க் குறைக்கறாங்களா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு ஒன்பது கேள்விய விட்டுட்டு வந்த? நாலுல ஒண்ணு தானா சரியாகும்."

வெளியே யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. அதுதான் எங்கள் வீட்டில் நடந்த பெரிய தவறு. சபையில் கேட்டார்கள், "பியூலா எங்கம்மா வேலை பாக்குது?" மேலே படிக்கத் தயாராகிறாள் என்று அம்மா சொன்னாள். பொய் சொல்லக் கூடாத இடம் என்பதால் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கேட் தூணில் பலகை பளபளத்துக்கொண்டிருந்தது. போகிற வருகிறவர்கள் அதைப் படித்தார்கள்.

கையெழுத்து போட்ட தாள்கள்

இரண்டாவது தோல்விக்குப் பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் இருந்தது. பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை, அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அதன் பெரிய டாக்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர்.

"காலைல மட்டும் வந்து உக்காரும்மா. நான் பதினோரு மணிக்குத்தான் வருவேன். சளி, காய்ச்சல், வயித்துவலி. உனக்குத் தெரியாததா?"

"எனக்கு இன்னும் நம்பர் வரல டாக்டர்."

"நம்பர் எனக்கு இருக்கில்ல? படிச்சாச்சு, பேப்பர்தான பாக்கி?"

ஏற்பாடு எளிமையானது. மாலையில் டீ குடித்துக்கொண்டே ஒரு மருந்துச்சீட்டுக் கட்டு முழுவதிலும் அடியில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி வைத்துவிட்டுப் போவார். அவர் பெயர், அதன் கீழே அவர் எண். மேலே காலியாக இருக்கும் இடத்தை மறுநாள் காலை நான் நிரப்புவேன். எழுதுவது என் கை, எழுதியவர் அவர். ஸ்டெதாஸ்கோப் மட்டும் என்னுடையது.

தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து "டாக்டர்" என்று கூப்பிடும்போது, இரண்டு முறை தோற்ற ஒருத்திக்கு அது எவ்வளவு இதமாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு அது தேவையாக இருந்தது.

இதில் இன்னொரு விநோதம். நர்சிங் ஹோமில் எழுதிய நான் வீட்டில் எழுத மாட்டேன். அங்கே அடியில் இன்னொருவர் கையெழுத்து இருந்தது. வீட்டில் எழுதினால் நானே போட வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெளுத்தி முள்

அஞ்சலை அக்கா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருபவர். கோவளத்தை அடுத்த ஒரு குப்பத்திலிருந்து, கூடையோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் ஷேர் ஆட்டோ மாறி மாறி வருவார். செவ்வாய், வியாழன், சனி. அலுமினியக் கூடையைத் தலையிலிருந்து இறக்கும்போது "சங்கராஆஆ" என்று மீன் பெயரை ஒரு இழுப்பு இழுப்பார். அது கேட்டதும் தெருவில் உள்ள பூனைகள் எழுந்து உட்காரும்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். பஸ் நம்பர், வீட்டு நம்பர், தராசு. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கூடையை இறக்கிவிட்டு அம்மாவைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, இத்த கொஞ்சம் பாரேன். கெளுத்தி முள்ளு ஏறிச்சு. பத்து நாளாவுது, ஆற மாட்டுது."

வலது கால், இரண்டாவது விரல். வீங்கியிருந்தது. நான் கேட்டுக்கு உள்ளேயே நின்று பார்த்தேன்.

"சுகர் இருக்கா அக்கா?"

"கீதுன்னு சொன்னாங்கோ. மாத்திரை துன்னா மயக்கமா வருது, வுட்டுட்டேன். நீ ஒரு சீட்டு எய்திக் குடு, மெடிக்கல்ல வாங்கிக்கிறேன்."

சர்க்கரை நோயுள்ள காலில் ஆறாத புண். அது என்ன, எங்கே கொண்டுபோய் விடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். முதல் தடவை கேள்வியாக வந்து சரியாகப் பதில் எழுதிய விஷயம்.

"நான் எழுத முடியாதுக்கா. ஜி.எச்.சுக்குப் போங்க. உடனே போங்க."

"அங்க போனா ஒரு நாள் பூரா போய்டும். மீனு இன்னாவறது? ஒரே ஒரு சீட்டு."

"இல்லக்கா."

"ஏன்?"

அந்த 'ஏன்' கேட்டபோது அப்பா வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாமி வாசலில் இருந்தார். பலகை என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. 'நான் இரண்டு தடவை ஃபெயில், எனக்கு இன்னும் அனுமதி இல்லை' என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் இதெல்லாம் பாக்கறதில்லக்கா" என்றேன்.

அஞ்சலை அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். கையில் செதில்கள் ஒட்டியிருந்தன. புடவையில் துடைத்துக்கொண்டார்.

"சரி வுடு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று எங்கள் வீட்டுக்கு மீன் கொடுக்கவில்லை.

"எழுதிக் குடுத்திருக்கலாமேம்மா" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

"நம்பர் இல்லாம எழுதினா குத்தம்ப்பா."

"அங்க மட்டும் எழுதறியே?"

நான் உள்ளே போய்விட்டேன்.

பதினாலாம் டோக்கன்

மூன்று வாரம் கழித்து, நர்சிங் ஹோமில் பதினாலாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். கூடை இல்லாமல் வந்ததால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சுத்தமான புடவை, தலையில் பூ. டாக்டரைப் பார்க்க வருகிறோம் என்று குளித்துவிட்டு வந்திருந்தார். வலது காலில் ஒரு பழந்துணிக் கட்டு.

வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இங்க எய்துவியா நீ?"

பேனா கையில் இருந்தது. முந்தைய நோயாளிக்கு எழுதிய சீட்டில் மை இன்னும் காயவில்லை.

"உன் வூட்டாண்ட வந்து கேட்டப்ப மாட்டேன்ன. மீன் கூடையோட வந்தேன்னு தான? இன்னிக்கு குளிச்சிட்டு வந்துகிறேன். பாரு."

குரலில் கோபம் இல்லை. காரணம் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டு வந்தவர் போலப் பேசினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை. அவருக்காக வந்தது என்று சொல்ல மாட்டேன்.

கட்டை அவிழ்த்தேன். விரல் கறுத்திருந்தது. அறையில் எழுந்த வாடை மீனுடையது இல்லை.

என் முன்னால் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்தது. அதில் எதை எழுதினாலும் பிரயோஜனமில்லை. பேனாவை மூடினேன். நர்ஸிடம் சொல்லிவிட்டு, ஒரு ஆட்டோ பிடித்து அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நானும்தான்.

அவசரப் பிரிவில் என்னை விட இளையவரான ஒரு பெண் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க யாரு? சொந்தமா?"

கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது, கழற்ற மறந்திருந்தேன். அதைப் பைக்குள் போட்டேன்.

"அவங்க எங்க தெருவுக்கு மீன் கொண்டு வர்றவங்க" என்றேன்.

அவர் சீட்டில் எழுதி, முத்திரை குத்தினார். பெயரும், பெயருக்குக் கீழே எண்ணும். நான் அந்த எண்ணை இரண்டு முறை படித்தேன்.

மூன்றாம் நாள் விரலை எடுத்தார்கள். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று அங்கே மூத்த டாக்டர் ஒருவர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

இதெல்லாம் நடந்த கையோடு நர்சிங் ஹோம் வேலையை உதறிவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள், அவர் விரலை எடுத்த அன்று, ஒரு காய்ச்சல் குழந்தைக்கு எழுதும்போது கை நின்றுவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். அந்த சனிக்கிழமைதான் அப்பாவிடம் பலகையை மூடச் சொன்னேன்.

ஃபிளெக்ஸும் மழையும்

இரண்டு மாதம் கழித்து அஞ்சலை அக்கா திரும்பி வந்தார். ரப்பர் செருப்பின் முன்பக்கத்தை வெட்டியிருந்தார். நடை ஒரு பக்கம் சாய்ந்தது. கேட் தூணில் வெள்ளை ஃபிளெக்ஸைப் பார்த்து நின்றார்.

"இன்னா சார், போர்டை மூட்டீங்க?"

அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் வந்தேன். எதிர்வீட்டு மாமி வாசலில் இருந்தார். இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"அக்கா, நான் இன்னும் டாக்டர் இல்ல. ஒரு பரீட்சை இருக்கு. ரெண்டு தடவ எழுதி ஃபெயிலாயிட்டேன். பாஸ் பண்ணாத்தான் கவர்மென்ட்ல ஒரு நம்பர் குடுப்பாங்க. அது இல்லாம யாருக்கும் எழுதக் கூடாது. அதனாலதான் உங்களுக்கு எழுதல. வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப அங்க எய்தின?"

"அது தப்பு."

கொஞ்ச நேரம் கூடையின் ஈரத்துணியைச் சரி செய்தார்.

"இத்த அன்னிக்கே சொல்லிர்ந்தா, நான் வேற எங்கனா போயிர்ப்பேன்ல?"

"ஆமாக்கா."

"அம்மாவக் கூப்புடு. நெத்திலி நல்லா கீது."

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கூடையை இறக்கியதும் முதல் கேள்வி அதுதான்.

"நம்பர் வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"சரி, சங்கரா வாங்கு."

அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையில் டேப் நனைந்து ஃபிளெக்ஸ் மூன்று முறை அவிழ்ந்தது. மூன்று முறையும் அப்பா அதே நாற்காலியைப் போட்டு ஏறினார். மூன்றாம் முறை தேர்வெழுதி நூற்று நாற்பத்தேழு வாங்கியிருந்தேன். மூன்று மதிப்பெண் குறைவு. அலமாரிக் கதவில் புள்ளி சிவப்புக் கோட்டை உரசிக்கொண்டு நின்றது. அப்பா அந்தக் கதவைப் பல நாள் திறக்கவில்லை. கொடியில் கிடந்த சட்டைகளையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்.

முடிவு வந்ததும் அஞ்சலை அக்காவிடம் மதிப்பெண்ணைச் சொன்னேன்.

"மூணுதானா?" என்றார். "மூணு மீன் கொசுறு போட்டா யாரும் வேணாங்க மாட்டாங்கோ. அவங்க போட மாட்டாங்களா?"

"மாட்டாங்கக்கா."

"பேஜாரு புடிச்சவனுங்க."

சிறுசேரிக்குப் போகும் வழியில்

நான்காவது தேர்வு சிறுசேரிக்குப் போகும் சாலையில் ஒரு கல்லூரிக் கணினிக் கூடத்தில். காலை ஏழு மணிக்கே வரிசை. கம்மலைக் கழற்றினேன். கைக்கடிகாரம், ஹேர்பின், எல்லாம் போயிற்று. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை போட்டிருந்தேன். அதையும் கழற்றச் சொன்னாள் சோதனை செய்த பெண். திரும்பி வந்து கேட் கம்பி வழியாக அப்பாவிடம் கொடுத்தேன்.

"ஒண்ணையும் விடாத" என்றார். "தெரியலைன்னாலும் ஒண்ண அமுக்கு."

உள்ளே குளிர். நூற்றுக்கணக்கான மவுஸ்கள் சொடுக்கும் சத்தம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். எத்தனையாவது தடவை என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

கேள்விகளில் அஞ்சலை அக்காவின் கால் வரவில்லை. வந்திருந்தால் கதைக்கு நன்றாயிருந்திருக்கும். பாம்புக்கடி இரண்டு வந்தது, தடுப்பூசி நாலு வந்தது. நர்சிங் ஹோமை விட்டபின் தாம்பரத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து இந்த ஊர் நோய்களை முதலிலிருந்து படித்திருந்தேன். ஒரு கேள்வியையும் விடவில்லை.

இரண்டு பகுதிகளுக்கும் நடுவே இடைவேளையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஐ.டி. கூட்டம் டீக்கடையில் நின்றிருந்தது. அவர்களுக்கு நடுவே அப்பா மட்டும் வெள்ளை வேட்டியில். டம்ளர் ஒரு கையில், மறு கையின் விரலில் என் சிலுவைக் கயிறு சுற்றியிருந்தது.

நூற்று அறுபத்து மூன்று.

முடிவு வந்த அன்று அப்பா அலமாரிக் கதவைத் திறந்து, கோட்டுக்கு மேலே புள்ளி வைத்தார். வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றார். அம்மா ஜெபம் செய்யக் கூப்பிட்டாள். "நீ ஆரம்பி, வர்றேன்" என்றார்.

"நம்பர் வந்துச்சா?" என்றார் அஞ்சலை அக்கா செவ்வாய்க்கிழமை.

"பாஸாயிட்டேன்க்கா. ஆனா ஒரு வருஷம் ட்ரெய்னிங் இருக்கு. அப்புறம்தான் நம்பர்."

"இன்னும் ஒரு வருசமா? அடப்பாவிங்களா" என்று கூடையை இறக்கினார். "இருக்கட்டும். என் காலு எங்க ஓடிறப் போவுது."

கேட் தூண்

ஒரு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். முடித்துவிட்டுச் சான்றிதழ்களைக் கட்டிக்கொண்டு கவுன்சில் அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தபின், ஒரு நாள் அந்த எண் வந்தது. ஒரு தாளில், என் பெயருக்குக் கீழே.

அப்பா நாற்காலியைப் போட்டார். ஃபிளெக்ஸைக் கிழித்தார். டேப் ஒட்டிய இடங்களில் பசை கறுத்துப் போயிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். எழுத்துகள் புதிதாகவே இருந்தன, வெயில் படாததால்.

"எம்.டி.ய எடுக்கணும்ப்பா."

இந்த முறை அவர் சான்றிதழைக் கொண்டு வரவில்லை. பட்டறைக்காரரை வரவழைத்தார். இரண்டு எழுத்தையும் கறுப்புப் பூச்சால் நிரப்பி, தேய்த்து, கீழே பதிவு எண்ணை வெட்டினார்கள். சாய்வெயிலில் பார்த்தால் எம்.டி. இன்றும் லேசாகத் தெரியும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

மறுநாள் வியாழக்கிழமை. "சங்கராஆஆ" கேட்டது. நான் கேட்டில் நின்றேன். அஞ்சலை அக்கா வந்தார், கூடையை இறக்கினார், கேட்க வாயெடுத்தார். பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

கிட்டே போனார். எழுத்துகளை விட்டுவிட்டு, கீழ்வரிக்கு நேராக விரலைக் கொண்டுபோனார். ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுத் தொட்டு, சத்தமாக, கடைசிவரை படித்தார். கல்லில் இரண்டு செதில் ஒட்டிக்கொண்டது. அப்பா வராந்தாவில் எழுந்து நின்றிருந்தார்.

"இத்தினி நீட்டா?" என்றார் அஞ்சலை அக்கா. "அதான் நாளாச்சு."

பிறகு படியில் உட்கார்ந்து, வெட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை நீட்டினார்.

"இப்ப பாரு."

தரையில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். குதிகாலில் வெடிப்பு. பாதம் முழுவதும் உப்பும் ஈரமும். ஒவ்வொரு விரலாக அழுத்தி, "உணர்ச்சி இருக்கா?" என்று கேட்டேன். "கீது" என்றார். அடுத்தது. "கீது." நாலு விரலையும் பார்த்து முடித்தேன். நடுவில் இருந்த வெற்றிடத்தை மட்டும் தொடாமல் தாண்டி வந்திருந்தேன். சீட்டை எடுத்து, என் பெயர் அச்சிட்ட முதல் தாளில், தேதி போட ஆரம்பித்தேன்.

அஞ்சலை அக்கா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"அத்தயும் பாத்துட்டு எய்து" என்றார்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பார்த்தேன்.